தாய் மரம் எது? – வாசகர் கேள்வி, நாத்துப்பண்ணை பதில்

போன இதழ்ல நா மலையில பதினோரு வருசம் காட்டுமர நாத்துப்பண்ணையில வேலை பாத்த கதைய நாலு பக்கம் எழுதியிருந்தேன்ல, அதுக்கு இம்புட்டு லெட்டர் வரும்னு நெனைக்கவே இல்ல, வாட்ஸ்அப்ல வந்தது தனிக் கணக்கு. உச்சிப்புளி பக்கம் கடக்கரையில இப்ப நா வச்சுருக்குறது சின்னப் பண்ணைதான், ஒரு கீத்துக் கொட்டகை, ஆறு பாத்தி, உப்புத்தண்ணி வர்ற ஒரு போர், அது பாத்திரம் கழுவக்கூட ஆகாது. ஆனா வந்த கேள்வியெல்லாம் மலையளவு இருக்கு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு "எத்தன விதை போட்டா எத்தன மரம் வரும்"னுதான் கேட்டுருக்காங்க. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. எந்த மரத்துல எடுத்தீங்க, என்னைக்கு எடுத்தீங்க, எந்த ஊர்ல எடுத்தீங்கன்னு சொன்னா வேணா ஏதாச்சும் சொல்லலாம். சரி, லெட்டருக்கு வருவோம்.

லாத்தா, பசங்க பதினாலு பேரு டிசம்பர் லீவுல வேன் புடிச்சு கொடைக்கானல் போறோம். சும்மா சுத்திட்டு வரக்கூடாதுன்னு ரெண்டாயிரம் விதைப்பந்து உருட்டி வச்சுட்டோம். வேம்பு, புங்கை, பூவரசு, கொஞ்சம் நாவல். மொட்டையா கெடக்குற மலையில எறியலாம்னு இருக்கோம். எந்த எடம் தோது?
– கீழக்கரை வாசகர்

லாத்தான்னு அக்கா மொறை வச்சுக் கூப்டீங்கள்ல, அந்த உரிமையில சொல்றேன் தம்பி, எறியாதீங்க.

கோவிச்சுக்காம கேளுங்க. கொடைக்கானல் 7,000 அடி ஒசரம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில அங்க புல்லு மேல உறைபனி விழுந்து காலையில வெள்ள வெளேர்னு உப்பளம் மாதிரி கெடக்கும். நம்ம ஊரு வெயில்ல பொறந்த வேம்பும் பூவரசும் அங்க போயி என்ன பண்ணும்? வேம்பு நாத்து பனி பட்டா கருகிப் போயிரும். அதோட நீங்க மொட்டைன்னு சொல்ற மலை இருக்குல்ல, அது மொட்டையே கெடையாது, புல்வெளி. அங்க மேட்டுல புல்லு, மடிப்புப் பள்ளத்துல சோலை, ரெண்டும் சேந்து ஒரு காடு, அப்படித்தான் ஆயிரக்கணக்கான வருசமா இருக்கு. மழைத்தண்ணிய உறிஞ்சி வச்சு ஓடையில கொஞ்சங் கொஞ்சமா விடுறதுல அந்தப் புல்லுக்கும் பெரிய பங்கு இருக்கு. வெள்ளக்காரங்களும் ஒங்கள மாதிரிதான் "அடடா, இம்புட்டு எடம் சும்மா கெடக்கே"ன்னு பாத்து 19ஆம் நூற்றாண்டுல சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் கொண்டாந்து வச்சாங்க, வாட்டில்னு சொல்றாங்களே அந்தச் சீகைதான், சுதந்திரத்துக்கு அப்பறமும் நம்மாளுகளே அத வளத்தாங்க, இப்ப அதப் புடுங்க முடியாம முழிச்சுக்கிட்டு இருக்கோம்.

மலை மரத்து விதையா இருந்தாக்கூட இதே சட்டந்தான். வால்பாறைப் பக்கம் 3,000 அடியில எடுத்த விதையக் கொண்டு போயி 7,000 அடியில போடக்கூடாது, மரம் அதே இனமா இருந்தாலும் சரி. அந்தந்த ஒசரத்துப் பனிக்கும் மழைக்கும் பழகுன தாயோட புள்ளதான் அங்கங்க தாக்குப் புடிக்கும். எங்க நடப்போறோமோ அதுக்குக் கிட்டக்க இருக்குற காட்டுல, கிட்டத்தட்ட அதே ஒசரத்துல எடுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

இன்னொண்ணு, அந்த நாவப்பழக் கொட்டைய எப்ப உருட்டுனீங்க? நாவல் சீசன் முடிஞ்சு எத்தன மாசமாச்சு? நாவக்கொட்டை காஞ்சா ரெண்டு வாரம் தாங்குறதே பெருசு, ஒங்க பந்துக்குள்ள இருக்குறது பொணம், மண்ணு பூசுன பொணம். வேம்பும் அந்தக் கேசுதான், கீழ ஒரு ராமேஸ்வரம் அண்ணனுக்குச் சொல்லியிருக்கேன், படிங்க. புங்கையும் பூவரசும் தப்பிச்சுருக்க வாய்ப்பு உண்டு. அத உடைச்சு எடுத்து, டிசம்பர் வரைக்கும் காத்துருக்காம, இந்த ஐப்பசி மழைக்கே நம்ம ஊரு கண்மாய்க் கரையிலயும் வாய்க்கா ஓரத்துலயும் ஊனுங்க. கொடைக்கானலுக்குச் சும்மாவே போயிட்டு வாங்க, வேன்ல குப்பைய மட்டும் திரும்பக் கொண்டாந்துருங்க, அதுவே பெரிய புண்ணியம்.

தாயி, எம்மகன் வால்பாறைப் பக்கம் ஒரு காட்டுமர நர்சரியில வேலைக்குச் சேந்துருக்கான். போன்ல பேசுறப்ப "இங்க விதையக் காயவச்சா செத்துப் போகும்மா"ங்குறான். நாங்க நெல்லு, கம்பு, மொளகா விதை எல்லாம் காயவச்சுத்தான் காலங்காலமா எடுத்து வைக்கிறோம். நெசமா சொல்றானா, வேலையக் கத்துக்காம உளறுறானா?
– தேவிபட்டினம் வாசகி

நெசந்தாம்மா, புள்ள நல்லாத்தான் கத்துக்கிட்டு இருக்கு.

ஒங்க வீட்டுல முண்டு மொளகாப் பழத்தக் களத்துல காயவச்சு, வத்தல் கலகலன்னு ஆனதும் நல்ல காயாப் பாத்துப் பிரிச்சு விதை எடுத்து சாம்பல்ல பெரட்டித் துணியில முடிஞ்சு வச்சுருப்பீங்க. அடுத்த வருசம் போட்டா வரும். இந்த மாதிரி விதையெல்லாம் காயக் காய ஆயுசு கூடும். இதுக்கு ஒரு கணக்கே இருக்கு, விதைக்குள்ள ஈரம் 1 சதம் கொறைஞ்சா ஆயுசு ரெட்டிப்பு, வச்சுருக்குற எடத்துல சூடு 5 டிகிரி கொறைஞ்சாலும் ரெட்டிப்பு. கணக்கு ஒரு அளவுக்குள்ளதான் செல்லும், ஆனா தோராயமா சரியாத்தான் வரும்.

இப்ப பலாக்கொட்டைய நெனச்சுப் பாருங்க. அடுத்த வருசம் நடுறதுக்குன்னு யாராச்சும் டப்பாவுல போட்டு வச்சுருக்கோமா? காஞ்சா கொழம்புக்கு ஆகும், மொளைக்க ஆகாது. மலை மழைக்காட்டுல பெரும்பாலான மரம் இந்தப் பலா சாதிதான். அங்க வருசத்துல முக்காவாசி மாசம் ஈரம், எதுக்குக் காத்துக் கெடக்கணும்? விழுந்தமா மொளைச்சமான்னு பொறந்த விதைங்க, காயுறதுக்கு அதுகளுக்கு வழியே தெரியாது. இப்படி ரெண்டு சாதி இருக்குன்னு ராபர்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1973ல பேரு வச்சுப் பிரிச்சாரு. அப்பறம் 1990ல காப்பிக்கொட்டைய ஆராய்ச்சி பண்ணி, பாதி வரைக்கும் காயலாம் அதுக்கு மேல ஆகாதுங்குற நடுச்சாதி ஒண்ணு இருக்குன்னும் கண்டாங்க.

நா மலைக்குப் போன மொத வருசம் நடந்தத சொல்றேன். வெடிப்பலான்னு ஒரு மரம், பந்து மாதிரி காயி, சுத்தி முள்ளு, கையில புடிக்க முடியாது, வெடிச்சா உள்ள பளபளன்னு பழுப்புக் கொட்டை. சிங்கவால் கொரங்குக்கு உசுரு அது. அந்தக் கொரங்கு திங்காம விட்டத ரெண்டு சாக்கு பொறுக்கிட்டு வந்தோம். நா ராம்நாட்டுக்காரி பாருங்க, ஈரமா எதப் பாத்தாலும் கை சும்மா இருக்காது, நல்ல புள்ள மாதிரி அம்புட்டையும் தகரத்து மேல பரப்பிட்டேன். அதிசயமா நாலு நாள் வெயிலடிச்சுச்சு, எனக்கு ஒரே சந்தோசம். அஞ்சாம் நாள் கையில எடுத்து ஆட்டுனா உள்ள பருப்பு சுருங்கி கடகடன்னு சத்தம். அங்க வேலை பாத்த பெரியவரு ஒருத்தரு, அந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவரு, ஒரு கொட்டைய எடுத்துக் காதுகிட்ட ஆட்டிட்டு ஒண்ணும் பேசாம கீழ வச்சுட்டுப் போனாரு. பாத்தியில ஒண்ணுகூட எந்திரிக்கல. அந்த மரம் வருசாவருசம் ஒரே மாதிரி காய்க்கவும் காய்க்காது, அடுத்த நல்ல காய்ப்புக்கு நாங்க காத்துக் கெடந்தோம்.

அதுக்கப்பறம் நாங்க பண்ணுனது, பொறுக்குன அன்னைக்கே ஈரச்சாக்குல சுத்தி நெழல்ல வச்சு, மறுநாளே பாத்தி. பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டவும் கூடாது, விதை மூச்சு விடும், புழுங்கிப் பூசணம் புடிச்சுரும். காட்டுச் செண்பகம்னா விதை மேல செவப்பா எண்ணெய்ப் பசையோட சதை ஒட்டியிருக்கும், அத மணல் போட்டுக் கசக்கிக் கழுவிட்டு ஒடனே போடணும். இதுக்கு நேர் எதிர்ல காட்டு ருத்திராட்சம், ஓடு கல்லு மாதிரி, போட்டுட்டு மாசக்கணக்குல மறந்துரணும், "செத்துப் போச்சு"ன்னு பாத்தியக் கொத்துனவங்க அழுத கதையெல்லாம் உண்டு. ஒங்க மகன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, எந்த விதை என்னைக்கு வந்துச்சு, என்னைக்குப் போட்டான், என்னைக்கு மொத மொளை வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. பல மலை மரத்துக்கு அந்த நோட்டு எழுதுறவன்தான் வாத்தியாரு.

அக்கா, தண்ணியில போட்டு மெதக்குற விதையத் தூக்கி எறிஞ்சுரணும்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்க. நா புன்னை விதை எடுத்துட்டு வந்து போட்டேன், அம்புட்டும் மெதக்குது. எல்லாமே வேஸ்டா?
– ராமநாதபுரம் கல்லூரி மாணவி

சிரிச்சுட்டேன்மா, தப்பா நெனைக்காத. புன்னை கடக்கரை மரம், அதோட காயி கடல்ல மெதந்து ஊரு விட்டு ஊரு போயி கரை ஒதுங்கி மொளைக்கவே அப்படிப் பொறந்தது. பூவரசு விதையும் மெதந்து போகும். மெதக்கலன்னாத்தான் சந்தேகப்படணும். ஓட்டுக்குள்ள காத்து இருந்தாலும் மெதக்கும், புழு தின்னு காலியா இருந்தாலும் மெதக்கும், தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

நம்பிக்கையான வழி வெட்டிப் பாக்குறது. ஒரு மரத்துல எடுத்த குவியல்ல கண்ண மூடிக்கிட்டு இருபது விதை எடு, நகவெட்டியோ பாக்குவெட்டியோ வச்சு நடுவுல பொள. உள்ள பருப்பு முழுசா, கெட்டியா, வெள்ளையாவோ அந்த மரத்துக்குன்னு உள்ள நெறத்துலயோ இருந்தா நல்லது. பழுப்பு விழுந்து கூழா இருந்தா அழுகல். சுருங்கி ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல எடைவெளி இருந்தா காஞ்சு போனது. ஒண்ணுமே இல்லாம ஓடு மட்டும் இருந்தா பூவுக்கு மகரந்தமே சரியா சேரல. உள்ள ஒருத்தன் வெள்ளையா நெளிஞ்சான்னா சொல்லவே வேணாம். இருபதுல பதினஞ்சு தேறுச்சுன்னா அந்த மரத்த நம்பு, அஞ்சுதான்னா வேற மரத்துக்குப் போ. ஒங்க காலேஜ்ல லேப் இருந்தா டெட்ராசோலியம் கேட்டுப் பாரு, அந்தக் கரைசல்ல வெட்டுன விதைய ஊற வச்சா உசுரு இருக்குற எடம் மட்டும் செவந்துரும், பாக்கவே ஆசையா இருக்கும். லேப்ல முறைப்படி மொளைப்பு பாக்குறதுன்னா நூறு நூறா நாலு தட்டு போடுவாங்க, நமக்கு ஈரச்சாக்குல அம்பது விதை சுருட்டி வச்சாலே போதும்.

புன்னைய அப்படியே போட்டா ரொம்ப நாள் எடுக்கும், மேல் ஓட்டப் பருப்புல அடிபடாம லேசாத் தட்டி எடுத்துட்டுப் போடு, சீக்கிரம் வரும். அப்பறம், மரத்தடியில மொதமொதல்ல விழுற காயப் பொறுக்காத, அதுல சொத்தைதான் நெறைய இருக்கும். நல்ல காயி நின்னு நிதானமா விழும்.

மேடம், எங்க பள்ளிக்கூடத்துல பசங்கள வச்சு ஒரு லட்சம் நாட்டுமர விதை சேக்கலாம்னு இருக்கோம். ஸ்கூல் வாசல்ல ரெண்டு பெரிய மரம் இருக்கு, அதுலயே நெறைய கெடைக்கும். நல்ல ஐடியாதான?
– திருப்புல்லாணி பக்கத்துல இருந்து ஒரு ஆசிரியர்

சார், லட்சம்ங்குறத மொதல்ல அடிச்சுருங்க, கோவம் வந்தாலும் பரவால்ல. 2022ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பிச்சு, அப்ப 23.7 சதமா இருந்த மரப்பரப்ப 33 சதமா ஆக்கணும்னு சொன்னதுல இருந்து ஊருக்கு ஊரு எண்ணிக்கைப் போட்டி. நல்ல நோக்கந்தான், நா கொறை சொல்லல. ஆனா ரெண்டு மரத்துல எடுத்த லட்சம் விதைங்குறது, ஒரே வீட்டுப் புள்ளைங்கள வச்சு ஒரு ஊர உண்டாக்குற மாதிரி. எல்லாம் அண்ணன் தங்கச்சி. இந்த மரங்க பெருசாகி ஒண்ணுக்கொண்ணு மகரந்தம் சேந்தா அடுத்த தலைமொறை நோஞ்சானாப் போகும், ஒரு நோய் வந்தா அம்புட்டும் ஒண்ணாச் சாயும்.

நாங்க மலையில பண்ணுன தப்பு இதுதான், அதனாலதான் இம்புட்டு அடிச்சுச் சொல்றேன். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல தனியா ஒரு காட்டு நாவ மரம் நின்னுச்சு, ரோட்டு ஓரம், ஏற வேணாம், தாப்பாள் போட்ட காட்டுக்குள்ள போக வேணாம், பர்மிஷன் வாங்க வேணாம், அட்டைக் கடி இல்ல. வருசா வருசம் கொட்டும். சோம்பேறித்தனத்துல மூணு வருசம் அதுலயே பொறுக்குனோம். நாலாவது வருசம் புதுசா வந்த ஒரு பொண்ணு சும்மா இருக்காம வெட்டிப் பாத்துச்சு, பாதிக்கு மேல உள்ள ஒண்ணுமே இல்ல, இருந்ததும் பருப்பு சின்னதா சூம்பிப் போயி இருந்துச்சு. சுத்தி கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு அதோட இனம் வேற ஒண்ணு இல்ல, தேனீயும் பூச்சியும் எங்க இருந்து மகரந்தம் கொண்டாரும்? தன் பூவுலயே தான் சேந்து பெத்த புள்ளைங்க. பல காட்டு மரத்துக்கு அப்படிச் சேந்தா காயே புடிக்காது, புடிச்சாலும் இந்தக் கதிதான். மூணு வருசமா நாங்க நாத்துன்னு நம்பி வண்டி வண்டியா ஏத்தி அனுப்புனது அதோட மக்கள்தான். "இந்தப் பக்கம் நாவல் சரியா புடிக்க மாட்டேங்குது, மண்ணு சரியில்ல போல"ன்னு மண்ணத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

அதனால சார், ஒரு இனத்துக்கு இருபது முப்பது மரமாச்சும் வேணும், மரத்துக்கு மரம் நூறு மீட்டராவது தள்ளி இருக்கணும், அப்பத்தான் அண்ணந்தம்பி மரமா இல்லாம இருக்கும். ஒரு மரத்துல இருக்குறதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க, அணிலுக்கும் வவ்வாலுக்கும் மண்ணுக்கும் மிச்சம் வேணும்ல. மலையில வேலை பாக்குற நல்ல குழுக்கள் ரோட்டு ஓரத்துல விழுந்து வண்டி ஏறி நசுங்கப் போற விதையா பாத்து எடுப்பாங்க, காட்டுக்குள்ள கை வைக்க மாட்டாங்க. ஆனைமலையில மழைக்காட்ட மீட்கிற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க இப்படித்தான் பண்றாங்க, 2000 வாக்குல இருந்து நடக்குற வேலை அது, நூத்துக்கும் மேல நாட்டு இனம் அவங்க நர்சரியில வளருது. எங்களுக்கு ரோட்டோரம் இருந்துச்சு, ஆனா ஒரே ரோட்டுல ஒரே மரம்னு நின்னுட்டோம், வித்தியாசம் அம்புட்டுதான்.

இன்னொரு விசயம், நேரா நெட்டையா தடிமனா இருக்குற மரமாப் பாத்து எடுக்கணும்னு சில பேரு சொல்வாங்க. அது தேக்கு, பலகை யாவாரத்துக்கு. காட்டுக்குக் கோணல் மரமும் வேணும், கட்டை மரமும் வேணும், சீக்குப் புடிக்காம காச்சாப் போதும். பாத்தியிலயும் மொதல்ல எந்திரிச்ச நாத்த மட்டும் பைக்கு மாத்திட்டு, மெதுவா வந்தத உரக்குழியில கொட்டாதீங்க, மெதுவா வர்றதுகளுக்கும் ஒரு பஞ்ச வருசத்துல வேலை இருக்கும். பசங்கள மரத்துக்கு ஒரு பையின்னு பிரிச்சு, பையில மரம் நின்ன எடத்தையும் தேதியையும் எழுத விடுங்க. லட்சம் வேணாம், முப்பது பை போதும். நீங்க கணக்கு வாத்தியாருன்னு எழுதியிருந்தீங்க, அதனால கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும்.

பனை விதை ஊனப் போறோம். கொட்டை நல்லதா இல்லையான்னு எப்படிப் பாக்குறது? பொட்டப் பனையா வர்ற கொட்டையப் பிரிக்க முடியுமா?
– சாயல்குடி விவசாயி

முடியாதுண்ணே. ஆணா பொண்ணான்னு பாளை விடுற வரைக்கும் தெரியாது, அதுக்குப் பத்துப் பன்னெண்டு வருசம் மேலயும் ஆகும். கொட்டை வடிவத்தப் பாத்துச் சொல்றேன்னு யாராச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க.

ஆனா பனையில வேற ஒரு சூட்சுமம் இருக்கு, நா பாத்தத வச்சுச் சொல்றேன். நல்ல நுங்கு காய்க்குற மரத்துல நாம என்ன பண்றோம்? சித்திரை வைகாசியிலயே கொலையோட வெட்டி ரோட்டோரம் வித்துடுறோம். பதநீர் எறக்குற மரத்துல பாளையச் சீவியாச்சு, காயே கெடையாது. அப்ப ஆவணி புரட்டாசியில பழமாகி விழுற கொட்டை யாரோடது? ஏற ஆளில்லாத மரம், தண்ணிச் சத்தில்லாத காயி, முள்ளுக்குள்ள நிக்கிறது. நாம சாக்குச் சாக்கா பொறுக்கி ஊனுறதுல பெரும்பங்கு அந்தக் கழிவுதான். ஒங்க ஊர்ல இனிக்குற நுங்குக்குப் பேர் போன மரம் எதுன்னு ஒங்களுக்கே தெரியும், அதுல மரத்துக்கு ஒரு கொலைய வெட்டாம பழுக்க விடச் சொல்லி மரக்காரங்ககிட்ட பேசுங்க. ஒரு கொலை நுங்குக் காசு நட்டம்தான், கொஞ்சம் சேத்துக் குடுத்துருங்க.

விழுந்த பழத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஊனிருங்க, வெயில்ல கெடந்து வெள்ளையாப் போன பழைய கொட்டை வேணாம். கையில எடுத்தா கனமா இருக்கணும். கெழங்கு போடுற மாதிரி பாத்தியில அடுக்கி நாத்தா எடுத்து நடலாம்னு நெனைக்காதீங்க, பனை மொளைச்சதும் நேரா கீழ ஒரு கொழாய எறக்கி அதோட நுனியிலதான் குருத்த வைக்கும், நம்ம தோண்டித் திங்குற கெழங்கே அதுதான், அதத் தோண்டி எடுத்து நட்டா பெரும்பாலும் செத்துரும். நிக்க வேண்டிய எடத்துலயே ஊனுறது உத்தமம். மூணு மாசம் கழிச்சு ஒண்ணத் தோண்டி வெட்டிப் பாருங்க, உள்ள தவுன் வெள்ளையா இனிப்பா நெறைஞ்சுருந்தா மத்ததும் நல்லாருக்குன்னு அர்த்தம். பசங்க எல்லாத்தையும் தோண்டித் தின்னுறாம பாத்துக்கங்க.

ஆன்லைன்ல 5 கிலோ வேப்பங்கொட்டை வாங்குனேன். பாக்கெட்ல 90 சதம் மொளைப்புன்னு போட்டுருந்துச்சு. நூத்துக்கு ரெண்டுதான் வந்துச்சு. என் மண்ணு மணல், அதனாலயா?
– ராமேஸ்வரம் வாசகர்

மண்ணு மேல பழி போடாதீங்கண்ணே, மணல்ல வேம்பு நல்லா வரும். பாக்கெட்ல அந்த 90 சதம் என்னைக்குப் பாத்ததுன்னு தேதி இருந்துச்சா? இருந்துருக்காது. வேப்பங்கொட்டை சாதாரணமா வீட்டுல கெடந்தா ரெண்டு மூணு வாரத்துலயே சரசரன்னு உசுரு எறங்கிரும். ஆனி ஆடியில பழுத்தத கார்த்திகையில வித்தா அது எண்ணெய் ஆட்டத்தான் ஆகும். ஒங்க தெருவுலயே நாலஞ்சு மரம் இருக்கும், பழம் மஞ்சளானதும் எடுத்து அன்னைக்கே சதையக் கசக்கிக் கழுவி, ரெண்டு நாள் நெழல்ல ஆத்திட்டுப் போட்டுருங்க. காக்கா தின்னு துப்புன கொட்டை இன்னும் விசேசம், கழுவுற வேலையும் மிச்சம்.

காரங்காடு மாதிரி எங்க ஊரு கழிமுகத்துலயும் அலையாத்தி வைக்கலாம்னு இளைஞர் மன்றத்துல பேசுறோம். விதைய மரத்துல பறிக்கணுமா, தண்ணியில மெதக்குறத எடுக்கணுமா?
– தொண்டி வாசகர்

மொதல்ல வனத்துறையில எழுதிக் குடுத்துட்டு எறங்குங்க, அது இல்லாம சேத்துல காலு வைக்காதீங்க. விதைன்னே சொல்லக்கூடாது அத, தாய் மரத்துலயே மொளைச்சுட்டு விழுற புள்ள அது. மொச்சைக்கொட்டை மாதிரி தட்டையா இருக்குற சாதி ஒண்ணு, அத ஒரு நாள் தண்ணியில போட்டா மேல்தோலு தன்னால கழண்டு உள்ள பச்சையா மடிஞ்ச எலை தெரியும். கழண்டதும் நட்டுரணும், வாரக்கணக்குல வச்சுருக்க முடியாது. தோலு கழண்டு வர்றது பிஞ்சு இல்லைங்குறதுக்கு அடையாளம். முருங்கைக்கா மாதிரி நீளமாத் தொங்குற சாதின்னா, மேல மூடி மாதிரி இருக்குற எடத்துல நெறம் மாறி ஒரு வளையம் தெரியணும், லேசா இழுத்தா கையோட வரணும். பலமா இழுக்க வேண்டியிருந்தா விட்டுருங்க, அது இன்னும் அம்மா மடியில இருக்கு. தண்ணியில மெதக்குறத எடுக்கலாம், ஆனா நண்டு கடிச்ச ஓட்டை, நுனி ஒடைஞ்சது, வெயில்ல காஞ்சது எல்லாம் கழிச்சுக்கட்டணும். எங்க நடணும்ங்குறது இதவிடப் பெரிய கேள்வி, ஏத்தவத்தத் தண்ணி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாத்து எழுதுங்க, அடுத்த தடவை பேசுவோம்.

எல்லா மரத்துக்கும் இம்புட்டுப் பாடு படுறீங்க, சீமைக்கருவேலுக்கு மட்டும் எவன் விதை நேர்த்தி பண்ணுனான்?
– முதுகுளத்தூர் வாசகர், போஸ்ட் கார்டுல ஒத்த வரி

ஆடு பண்ணுச்சு! நெத்து இனிப்பா இருக்குல்ல, ஆடும் மாடும் ஆசையாத் திங்கும், வயித்துக்குள்ள அரைபட்டு வெளிய வர்றப்ப ஓடு நெகிழ்ந்து, கூடவே எருவும் சேந்து எறங்கிரும், இதுக்கு மேல என்ன நேர்த்தி வேணும். மொளைக்காத விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்குல பொறுமையாக் கெடக்கும். மலையில சீகையும் இதே மாதிரிதான், பல பத்து வருசம் மண்ணுக்குள்ள ஒறங்கும், மரத்த வெட்டித் தீ வச்சா அந்தச் சூட்டுல ஓடு வெடிச்சு பச்சைப் பாய் விரிச்ச மாதிரி எந்திரிக்கும். பக்கத்துல சோலை மரத்து விதை மூணு வாரத்துல செத்துருக்கும். அதான் மலையிலயும் சரி, நம்ம கண்மாய்லயும் சரி, வெட்டிட்டு வந்துட்டா வேலை முடிஞ்சுச்சுன்னு கெளம்பிறக்கூடாது, வருசா வருசம் திரும்பப் போயி மொளையப் புடுங்கணும், அந்த எடத்துல வைக்க நம்ம நாத்து கையில ரெடியா இருக்கணும்.

அக்கா, ஒங்ககிட்ட இப்ப என்ன விதை இருக்கு? வந்தா தருவீங்களா?
– மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடின்னு ஏழெட்டுப் பேரு

குடைவேல் இருக்கு, நம்ம கடக்கரையில கொடை விரிச்ச மாதிரி நிக்குமே அந்த உடைதான். இருபத்தி ரெண்டு மரத்து நெத்து, அடுப்புல இருந்து எறக்குன சுடுதண்ணிய ஊத்தி ராத்திரி பூராம் ஆற விட்டுப் போட்டதுல நாப்பதுக்கு முப்பத்தி ஒண்ணு மொளைச்சுருக்கு. நெத்துல வண்டு ஓட்டை போட்டது ஒரு படி இருக்கும், அதத் தூக்கிப் போட்டாச்சு. பூவரசு கொஞ்சம் இருக்கு. புன்னை இன்னும் பத்தல, நாலு மரந்தான் ஆகியிருக்கு. காசு வேணாம், பதிலுக்கு ஒங்க ஊரு மரத்து விதை கொண்டாங்க. பையில மரம் நின்ன எடமும் எடுத்த தேதியும் எழுதியிருக்கணும், இல்லாட்டி வாங்க மாட்டேன், போன வாரம் எங்க அண்ணன் ஒரு சாக்கு புங்கை கொண்டாந்து எறக்குனாரு, "எங்கண்ணே எடுத்த"ன்னு கேட்டா "வழியில"ங்குறாரு, டீ குடுத்து சாக்க வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன்.